சிவப்புக் குழாய்

கழுவுதொட்டிக்குக் கீழே
வெள்ளைத் தகரப் பெட்டி ஒன்று.
அதன் நெற்றியில்
எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத மொழியில்
ஏதோ எச்சரிக்கை.
காத்தான்குடி ஹில்மி
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அரைமணி நேரம் அதற்குள் தலையை விட்டிருந்தான்.
"டாங்கி நல்லம். வால்வுதான் செத்துப்போச்சு.
கொழும்பில சொல்லி எடுக்கணும்.
கூலியோட எழுபத்தெட்டு வரும், அன்ரி."

எழுபத்தெட்டு என்றால் எழுபத்தெட்டாயிரம்.
வண்டிக்கு வயது முப்பத்தைந்து.
உள்ளே கட்டில், அடுப்பு, இரண்டு குழாய்.
கல்லடிப் பாலம் ஏறும்போது
சைக்கிள்காரர் முந்திப்போவார்கள்.

சவிரியான் கராஜில் சிரிக்கத் தொடங்கியவர்
வீடு வந்தும் நிறுத்தவில்லை.
"மட்டக்களப்பில சுடுதண்ணிப் பெட்டி!
உப்பளத்துக்கு உப்பு வாங்கிப் போறியாகா?"
சித்திரை மத்தியானம்.
நிரூபிக்கவென்று நீலக் குழாயைத் திறந்தவர்
விரலைச் சுட்டுக்கொண்டார்.
சுட்ட விரலை உதறி உதறி
மறுகாவும் சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான்.
கொப்பியில் நடுவே கோடு போட்டு எழுதினேன்.
பின் டயர் இரண்டும் மொட்டை.
கூரை ஒழுக்கு.
கேஸ் விற்கிற விலை.
கோட்டுக்கு இந்தப் பக்கம், பெட்டிக்காக,
ஒன்றும் எழுத வரவில்லை.
"எண்ணெய்ப் பாத்திரம்" என்று எழுதி
வெட்டிவிட்டேன். கேத்தில் இருக்கிறது.

மார்கழி மழைக்குள்
மகா ஓயா வரை ஓடிப் பார்த்தோம்.
செங்கலடி தாண்டி, கரடியனாறு தாண்டி,
புல்லுமலையில் வைப்பர் ஒன்று நின்றுபோனது.
வெந்நீர்க் கிணறுகளைச் சுற்றி ஆவி.
ஒரு பெடியன் துணியில் முட்டை கட்டி
ஒன்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.
சவிரியான் வேறொன்றில் வாளியை நிரப்பி
என் காலில் ஊற்றினார்.
"இந்தா. வால்வும் வேணாம், கேஸும் வேணாம்."
சுகமாகத்தான் இருந்தது.
இல்லையென்று சொல்லமாட்டேன்.

இரவு,
கூரை ஓட்டை நெற்றிக்கு நேராகச் சொட்டியது.
அவர் குறட்டை.
சுடுதண்ணீர் வைத்த காலங்களை
எண்ணத் தொடங்கினேன்.
மாமாவின் வழங்காத காலுக்கு இரண்டு வருசம்.
மூத்தவளின் பிள்ளைப்பேற்றுக்கு
வேப்பிலை போட்டு முப்பத்தொரு நாள்.
சவிரியானுக்குச் சிக்குன்குன்யா வந்த மாதம்
விடிய ஒருக்கா, பொழுதுபட ஒருக்கா.
பள்ளிக்கூட வேன் ஓடின பத்தொன்பது வருசமும்
நாலரை மணிக்கு நான் குளித்தது
கிணற்றில் அள்ளின தண்ணீரில்.
அடுப்பு மூட்டினால் பிந்திவிடும்.
பச்சைத்தண்ணீர்தான் எனக்குப் பிடிக்குமென்று
வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.
நானும் நினைத்திருந்தேன்.

குளிரல்ல காரியம்.
ஒருவரும் எழும்பாமல், ஊதாமல், தூக்காமல்
திருகினால் வரவேண்டும்,
எனக்கென்று.
இதைக் கொப்பியில்
எந்தப் பக்கத்தில் எழுதுவது?

திரும்பி வந்து ஹில்மியைக் கேட்டேன்.
குனிந்து டயரைத் தடவினான்.
கம்பி தெரிந்தது.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
டயர் போட்டோம்.

"அப்ப பெட்டியைக் கழட்டட்டா, அன்ரி?
அரிசி சாமான் வைக்க நல்ல இடம்."
சவிரியானும் தலையாட்டினார்.
"கிடக்கட்டும்" என்றேன்.
குரல் உயர்ந்துவிட்டது போல,
இரண்டுபேரும் என்னைப் பார்த்தார்கள்.

களுவாஞ்சிகுடியில் டீசலுக்கு நிற்கும்போது
சில நேரம் சிவப்பைத் திருகுவேன்.
முதலில் காற்று இருமும்.
மறுகா கொஞ்சம் துரு.
அதற்குப் பிறகு தண்ணீர்,
வெயில் வைத்த சூட்டில்.
கையை உடனே எடுப்பதில்லை.

மாதம் ஐயாயிரம்
ஹில்மியிடம் கொடுத்து வருகிறேன்.
சவிரியானுக்குத் தெரியாது.
ஏழு மாதம் முடிந்தது.