வடிகால், ஒன்று

பாலர் பாடசாலையில் கூட்டம்.
சின்னக் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட
நாவல்முறிப்பின் முப்பத்தொரு பேர்.
முதலாவது தேவை எதுவென்று கேட்டேன்.
"துருசு" என்றார் தவமலர்.
இரண்டாவது?
"முதலாவதைச் செய்துபோட்டு வாங்கோ, சொல்லுறம்."

பலகை ஒழுகுது.
சிறுபோகத்துக்கு மறித்த தண்ணீர்
ஒருவருக்கும் சொல்லாமல் இரவில் போய்விடுகிறது.

ஒட்டுசுட்டானில், திட்டமிடல் கிளையில்,
படிவத்தைத் திறந்தேன்.
'பங்களிக்கும் தேசிய இலக்கு' என்றொரு கட்டம்.
அழுத்தினால் பட்டியல் விழும்.
அதில் துருசு இல்லை.
'மீள்திறன்' இருந்தது.
அதைத் தெரிவுசெய்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

மேற்குளம் வான்பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து.
இங்கே இதை எவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.
திட்டம் மட்டும் தண்ணீருக்கு எதிரே ஏறவேண்டும்:
பிரதேசம், மாவட்டம், மாகாணம்,
அதற்கப்பால் கொழும்பில் எந்த மாடியென்று
எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு மேசையிலும் கொஞ்சம் வண்டல் தங்க,
உச்சிக்குப் போகையில் தெளிந்துவிடும்,
ஊரின் நிறமே இல்லாமல்.

பதினொரு மாதம்.
கடிதம் வந்தது.
குளக்கட்டில் நடைபாதை, முந்நூறு மீற்றர்.
சீமெந்து இருக்கை, நான்கு.

"ஆர் நடக்கிறது? யானையோ?"
தவமலர் சிரிக்கவில்லை.
நான் கடிதத்தை மடித்தேன், விரித்தேன்,
வேறென்ன செய்ய.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் இரத்தினகோபன்
அதிகம் பேசாத மனிதர்.
மதிப்பீட்டின் பதினான்காம் வரியில் விரலை வைத்தார்.
வடிகால், ஒன்று.
"ஆழம் போடேல்லை" என்றார்.

போட்டோம்.
கதவும் போட்டோம், திருகும் போட்டோம்.
பணம் கொஞ்சம் தட்டியது.
இருக்கைகளின் முதுகை எடுத்துவிட்டோம்.

கணக்காய்வுக்கு வந்தவர் குனிந்து பார்த்தார்.
"வடிகாலுக்கு ஏன் கதவு?"
இங்கத்தை மழை அப்படி என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆண்டறிக்கையில் நாங்கள் முந்நூறு மீற்றர்.
ஆனியில் கதிர் முற்றிய நாற்பது ஏக்கர்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
முதுகில்லாத இருக்கை ஒன்றை யானை சாய்த்துவிட்டது.
மற்றதில் மண்வெட்டியைக் கிடத்திவிட்டு,
சேற்றுக்கால் காயட்டும் என்று இருந்த தவமலர்
என்னைக் கண்டதும் சற்றுத் தள்ளி இடம்விட்டார்.

"இப்ப கேளும், பிள்ளை.
இரண்டாவதை."