மூச்சைப் பிடிங்க

ஒரு ஷிப்டுக்குத் தொண்ணூறு மார்புகள்.
தாடையைப் பலகைமேல் வையுங்க,
தோளை முன்னால் தள்ளுங்க,
மூச்சை இழுங்க, பிடிங்க,
விடுங்க.
இதையே தெலுங்கில் சொல்வேன், இந்தியில் சொல்வேன்,
காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறவர்களிடமே கற்ற
உடைந்த வங்காளத்திலும்.
பதினோரு வருஷமாகப் படமெடுக்கிறேன்.
விலா எலும்பு தெரிந்த அளவுக்கு
எனக்கு முகம் தெரியாது.

லாங் பஜார் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்த ஷஃபியுல்லா
ரியாத்துக்குக் கிளம்பும்போது
தன் கேமராவை என் தலையில் கட்டினார்.
பதினெட்டாயிரம். ஆறு கையில்,
மிச்சம் மூன்று சம்பளத்தில்.
லென்ஸ் ஓரத்தில் மிளகளவு பூஞ்சை.
"அது படத்துல விழாது பாய்" என்றார்.
விழுந்தது.

முதல் ஞாயிறு கோட்டை அகழி.
காலை பதினொரு மணி வேலூர் வெயில்
மதிலைக் கல் கல்லாக உரித்துவிட்டு
வெறும் வெள்ளையை என்னிடம் நீட்டியது.
நூற்று நாற்பது படத்தில் தேறியது ஒன்று,
அதுவும் கை தவறி அமுங்கியது:
என் செருப்பு,
பக்கத்தில் யாரோ கடித்துப் போட்ட மாங்காய்த் துண்டு,
அதில் பல் பதிந்த இடத்தில் மிளகாய்த்தூள்.

எக்ஸ்ரேயில் கதிர் ஆளைத் துளைத்துக்கொண்டு போகும்.
இங்கே வெளிச்சம் ஆள்மேல் பட்டுத்
திரும்பி வர வேண்டும்.
இவ்வளவுதான் வித்தியாசம்.
இது புரிவதற்குள் ஐப்பசி வந்து
பாலாற்றில்கூடக் கொஞ்சம் தண்ணீர் வந்துவிட்டது.

முதல் கூலி, கணியம்பாடியில் ஒரு காதுகுத்து.
ஆயிரத்து ஐந்நூறு, பிரியாணி தனி.
மாமன் மடியில் குழந்தை,
ஆசாரி விரலிடுக்கில் கம்பி,
நான் பழக்கதோஷத்தில்
"மூச்சைப் பிடிங்க" என்றுவிட்டேன்.
குழந்தை பிடிக்கவில்லை.
பந்தலே பிடித்தது.
அந்த அசையாத நொடியில்
கம்பியைத் தவறவிட்டு, மாமனை எடுத்தேன்,
ஆந்திரா லைனில் டாரஸ் ஓட்டுகிறவர்,
கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து,
தன் காதை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"குத்துற படம் எங்கப்பா?"
குழந்தையின் அப்பா இருநூறு பிடித்துக்கொண்டார்.
மாமன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்
அதை அழிக்கச் சொன்னார்.
அழித்துவிட்டேன் என்றேன்.

வேலையை விட்டுவிடுவாயா என்று கேட்கிறாள் மீனலோசனி.
விடமாட்டேன் என்கிறேன்.
பிறகு எதற்கு ராத்திரி ஒரு மணிக்குப்
பால் டம்ளரை விதவிதமாகப் படமெடுக்கிறாய் என்கிறாள்.
அதற்குப் பதில் இல்லை.

நேற்று மால்தாவிலிருந்து வந்த ஒருவர்,
சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து
ஸ்டூலின்மேல் வைத்துவிட்டு,
பலகையில் தாடையைப் பதிக்கும் முன் திரும்பி
"ஹாஷ்போ?" என்றார்.
சிரிக்கவா?

மார்புப் படத்தில் சிரிப்பு விழாது.
இதைச் சொல்ல என் வங்காளம் போதவில்லை.
"சிரிங்க" என்றேன், தமிழில்.

முகம் பலகைப் பக்கம்,
முதுகு என் பக்கம்.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் புறமிருந்து பார்த்தேன்,
காதுகள் இரண்டும்
மெல்ல மேலே ஏறின.

மூச்சைப் பிடிக்கச் சொல்லக்
கொஞ்சம் தாமதித்தேன்.
வெளியே இன்னும் நாற்பது பேர்.