அரசன் சொன்னாலும் நில்லாதது

முதல் தடவை பன்னிரண்டேகால்.
இரண்டாவது ஒன்றே முக்கால்.
மூன்றாவதற்கு நான் கடிகாரம் பார்ப்பதில்லை,
தாலியன் துறையில் ஒரு கப்பல் ஊதும்.

செருப்பைத் தேடும் கால்.
சுவரைத் தடவும் கை.
பிறகு ஒரு நீண்ட மௌனம்.
கழிவறைக் கதவுக்கு அந்தப் பக்கம்
என் கணவர் லுவான் ஷூதெ
தன் உடம்பிடமே கடன் கேட்டு நிற்கிறார்.
ஒரு சொட்டு.
யோசித்து, இன்னொன்று.
குழாயைத் திறந்துவிடுவார்,
தண்ணீரைப் பார்த்தாவது தண்ணீருக்குப் புத்தி வரட்டும் என்று.

இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டினவர்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
இறங்கி ஏற இருபது நிமிடம்,
அதற்குள் மூன்று கண்டெய்னர் காத்துக் கிடக்கும்.
அதனால் குடிக்கமாட்டார்.
குடித்தாலும் அடக்குவார்.
அடக்கினது வட்டியோடு வருகிறது என்றேன் ஒருநாள்.
அவர் சிரிக்கவில்லை.
நானும் சொல்லியிருக்கக் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள்.
கஷ்கொட்டை அளவு இருக்கவேண்டியது
கோழிமுட்டை ஆகிவிட்டதாம்.
புற்று இல்லை.
இரவுக்கு ஒரு வெள்ளை மாத்திரை.
அவ்வளவுதான், அடுத்த ஆள்.

பியான் வைத்தியரிடம் நான்தான் இழுத்துப் போனேன்.
பெண் என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.
அவள் எதையும் அவிழ்க்கச் சொல்லவில்லை.
மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தாள்,
நாக்கை நீட்டச் சொன்னாள்,
"இருமல் உண்டா?" என்றாள்.

வெளியே வந்திருந்தால் கத்தியிருப்பார்,
நான் கீழே அடைப்பென்றால் இவள் மேலே தேடுகிறாள் என்று.
அவள் தன் தேநீர்க் கெண்டியை எடுத்தாள்.
மூடியிலிருக்கும் சின்னத் துளையை விரலால் பொத்தி
சாய்த்துக் காட்டினாள்.
ஒரு சொட்டும் விழவில்லை.
விரலை எடுத்தாள்:
கிண்ணம் நிறைந்து மேசையும் நனைந்தது.

"நுரையீரல்தான் மூடி.
மூடி திறந்தால் மூக்கு ஒழுகும் என்பது பழைய ஏடு.
மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."
கெண்டியின் மூக்கைச் சொன்னாள்.
இவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

ஏழு பொட்டலம்.
வேர்ச் சீவல், பட்டை, வண்டிப்பாதைச் செடியின் விதை,
அப்புறம் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாய்
உருண்டையாய், கறுப்பாய் ஒன்று.
அதன் பேருக்கு அர்த்தம்
அரசன் சொன்னாலும் நில்லாதது.
அரசனையே மதிக்காத விதை
கிரேன் டிரைவருக்கு அடங்குமா, பார்க்கலாம்.

மண்சட்டியில் கொதித்த வாசனை
ஆறாவது மாடிவரை போய்ச் செய்தி சொல்லிவிட்டது.
மின்தூக்கியில் திருமதி சோங் கேட்டாள்:
"யாருக்கு?"
"எனக்கு" என்றேன்.
அந்தப் பொய்க்காக அன்றிரவு
முகம் சுளிக்காமல் முழுக் கிண்ணமும் குடித்தார்.

அதே விதையைக் காதிலும் ஒட்டிவிட்டாள்,
பக்கத்துக்கு நாலு, தோல் நிறப் பட்டையில்.
ஜூன் மாதம் கம்பளித் தொப்பியோடு
சீட்டாடப் போனார்.

தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி
இஞ்சிச் சில்லு வைத்து
மாசிப்பத்திரிச் சுருட்டைப் பற்றவைப்பது என் வேலை.
சுடுகிறதா? இல்லை. இப்போது? கொஞ்சம்.
முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று கல்யாணமாகி.
அங்கே ஒரு மச்சம் இருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

ஐந்தாவது வாரம்.
கப்பல் ஊதியது. விழித்தேன்.
செருப்புச் சத்தம் இல்லை.
குழாய் இல்லை.
பக்கத்தில் ஒரு மலைபோல் அசையாமல் கிடந்தார்.
இருட்டில் என் விரல்
அவர் மூக்கின் கீழே போய் நின்றது.

சூடாக வந்தது மூச்சு.
"என்ன?" என்றார் கண் திறக்காமல்.
"ஒன்றுமில்லை, தூங்குங்கள்."

விதையா, மாத்திரையா,
ஆறு மணிக்குமேல் தேநீரை நான் ஒளித்துவைத்ததா,
யாருக்குத் தெரியும்.
மறுநாளே இரண்டு தடவை எழுந்தார்.

அன்று மட்டும்
விழித்தது விழித்தாயிற்று என்று
செருப்பைத் தேடிக்கொண்டு
நான் போய்வந்தேன்.