திருகாணிக்கு முந்தைய திருகாணி

கையெழுத்துப் பிரதியின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
உஷாங்கி ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான்,
சிவப்புப் பென்சிலில்:
மசகு?

அந்தப் பக்கத்தில்தான் என் நாயகி
ஆயிரம் ஆண்டு மூடிக் கிடந்த கதவைத் தள்ளித் திறந்து
முன்னோர் விட்டுப்போன எந்திரத்தின்மேல்
உள்ளங்கையை வைக்கிறாள்.
அது நீலமாய் விழித்துக்கொள்கிறது.
எழுதி முடித்த இரவில் நான் அழுதிருந்தேன்.

எங்களுக்கு விவாகரத்தாகி ஒன்பது ஆண்டுகள்.
என்றாலும் புதன்கிழமை தவறாமல் வருகிறான்
சியாதூராவின் ரோப்கார்களைக் கட்டி மேய்த்த கைகளோடு
என் உலகங்களைப் பழுதுபார்க்க.

"ஆயிரம் ஆண்டெல்லாம் வேண்டாம் மக்வாலா,
ஒரே ஒரு குளிர்காலம் நிறுத்திவை.
மசகு பிசினாகும். ரப்பர் பிஸ்கட்டாகும்.
வயரை எலி தின்னும்.
மந்திரம் என்று எழுது, வாயை மூடிக்கொள்கிறேன்.
எந்திரம் என்று எழுதினால்
எண்ணெய் விட்டவன் யார், அதைச் சொல்."

சொன்னேன்.
ஏனென்று தெரியாமலே
விடியலில் எண்ணெய் விடும் துறவிகள் நாற்பது பேரை
ஒரே வாரத்தில் பிறப்பித்தேன்.
"எண்ணெய் எங்கிருந்து?"
சூரியகாந்தி, என்றேன்.
"அப்படியானால் உன் தெய்வத்துக்கு
வறுத்த கத்தரிக்காய் வாசனை" என்று சிரித்தான்.
அந்த வாசனை புத்தகத்தில் இருக்கிறது.

பேரழிவை மட்டும் அவன் திருத்தவில்லை.
நாகரிகம் விழும் ஓசையை
நாங்கள் இருவரும் ஒரே அடுக்களையில் கேட்டவர்கள்.
தொண்ணூற்று மூன்று, நவம்பர்.
ஃபிரிட்ஜ் முனகுவதை நிறுத்தியது.
அவ்வளவுதான்.
அதற்கு முன் அது முனகிக்கொண்டிருந்ததே
எங்களுக்குத் தெரியாது.

பிறகு திருகாணியில் வந்து மாட்டிக்கொண்டோம்.
திருகாணி கடைய லேத் வேண்டும்,
லேத்துக்குள்ளே ஒரு நீண்ட திருகாணி வேண்டும்.
மறந்துபோன மக்கள்
எந்த முனையில் நுழைவார்கள்?
நான் கோழி முட்டை என்று ஏதோ சொல்ல,
அவன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்து
மூலைக்கு மூலை கத்தரித்தான்.
கத்தாதே, என்றான்.
முக்கோணத்தைப் பென்சிலில் சுற்றினான்.
சாய்ந்த விளிம்பு
பென்சிலைச் சுற்றி ஏறிக்கொண்டே போனது,
என் எழுத்துகளும் கூடவே.
"இந்தக் கோட்டில் அரம் வை.
கோணலாகத்தான் வரும்.
கோணலை வைத்துக் கொஞ்சம் நேரானது.
அதை வைத்து இன்னும் கொஞ்சம்.
எத்தனை தலைமுறை என்று நீ கணக்குப் போட்டுக்கொள்."

இரும்பு?
ஜன்னலுக்கு வெளியே மலை,
அப்பன்மார் தோண்டித் தீர்த்த மலை.
கைக்கெட்டும் தாது எதையும்
அடுத்து வருபவர்களுக்கு நாம் வைக்கவில்லை.
அவன் மலையைப் பார்க்கவில்லை.
குவிரிலா ஆற்றின்மேல்
துருப்பிடித்து நிற்கும் கோபுரங்களைக் காட்டினான்,
எதிர்வீட்டு பால்கனிக் கம்பிகளை,
என் ஃபிரிட்ஜை.

ஆகவே இப்போது என் நாயகி
கதவைத் திறக்கிறாள்.
எதுவும் விழிக்கவில்லை.
நெடுநேரம் நிற்கிறாள்.
அப்புறம் முன்னோரின் தோள்பட்டையைச் சுரண்டி,
உதிர்ந்த துருவைக்
கையில் ஏந்தி எடைபார்க்கிறாள்.

பக்கத்தின் மறுபாதியை
உஷாங்கி பென்சிலோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
போய்விட்டான்.
'நீலமாய்' என்ற சொல்
அதில்தான் இருக்கிறது.
புதன்கிழமை கேட்கவேண்டும்.