தலைகீழ்க் குடை

எனக்குப் பல் செய்கிற வேலை.
அதனால் எந்த சினிமா போஸ்டரிலும்
முதலில் பார்ப்பது வாயைத்தான்.
போன வாரம் ஒரு கதாநாயகனுக்கு
மேல்வரிசையில் மட்டும் பதினெட்டு.
டிராம் நிறுத்தத்தில் நின்று
இரண்டு முறை எண்ணினேன்.
டிராம் போய்விட்டது.

வூட்ஜ் என்றால் போலிஷ் மொழியில் படகு.
ஆறுகளையெல்லாம் தெருவுக்கு அடியில் புதைத்துவிட்டுப்
பெயரை மட்டும் மிதக்கவிட்ட ஊர் இது.
இங்கே பிறந்த ஒருவன்
'போஸ்டரில் இருந்தது படத்தில் இல்லையே' என்று
குறைப்படலாமா?
லுடோமிர் படுவான்.
கப்பல் வரைந்திருந்தால்
கடல் வந்தாக வேண்டும் அவனுக்கு.
சூப் என்று பலகையில் எழுதிவிட்டுச்
சூப் இல்லை என்பார்களா, என்று கேட்பான்.

எனக்கு அப்படியில்லை.
யாருக்குச் சம்பளம் அதிகமோ அவர் தலையைப் பெரிதாக்கி,
மற்றவர்களைத் தோளோரம் செருகி,
பின்னால் எதையாவது வெடிக்க வைத்தால்
அது போஸ்டரா?
பாஸ்போர்ட் அலுவலக வரிசை.

என் சமையலறைச் சுவரில் ஒன்று இருக்கிறது.
வெள்ளைத் தாள், நடுவில் குடை,
தலைகீழாக,
விளிம்பு வரை பால்.
அவ்வளவுதான்.
அச்சகத்து போகுமிலா கொடுத்தாள்,
ஓரத்தில் மை இழுபட்டதால் கழித்த பிரதி.
சுவரில் ஈரம் கசிந்த இடத்தை மறைக்க ஒட்டினேன்.
பதினொரு குளிர்காலத்தில்
ஈரம் தாளுக்குள்ளும் ஏறிக்
குடைக்கு மேலே ஒரு சாம்பல் மேகம் போட்டிருக்கிறது.
வரைந்தவர் பார்த்தால் ஆட்சேபிக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

படத்தை நான் பார்த்ததில்லை.
கேட்டவர்களுக்கெல்லாம் கதை மட்டும் சொன்னேன்.
லுடோமிரிடம்: மழையே பெய்யாத ஊரில் ஒரு பால்காரி.
அண்ணி கிரஷினாவிடம்: விஷம், நான்காவது மாடி.
மீட்டர் பார்க்க வந்த பையனிடம்
பூனைகளைப் பற்றிய படம் என்றேன்.
நம்பவில்லை.
ஆனாலும் முடிவு என்ன என்று கேட்டான்.
ஒன்று மட்டும் திரும்பி வராது, என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல்
எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான்.

போன புதன்கிழமை
பின்தெருவிலிருக்கும் சின்னத் தியேட்டரில் அதைப் போட்டார்கள்.
ஒரே காட்சி. ஒன்பது பேர்,
அதில் ஒருவர் கதகதப்புக்காக வந்தவர்.

ஒரு ரயில்வே குமாஸ்தா.
சாவியைத் தொலைத்துவிடுகிறார்.
தேடுகிறார்.
இரண்டு மணி நேரம் தேடுகிறார்.
குடை இல்லை. மழை இல்லை.
காப்பியைக்கூடப் பால் விடாமல்தான் குடிக்கிறார்கள்.
ஒரு காட்சியில் கண்ணாடித் தம்ளருக்குள் பல்செட் வந்தது,
மனம் கொஞ்சம் நிமிர்ந்தது.
மட்டமான வேலை. கடைவாய்ப்பல் சாய்ந்திருந்தது.
சாவி கடைசிவரை கிடைக்கவில்லை.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.
லுடோமிர் கையுறையை மாட்டிக்கொண்டே,
'பால்காரி எங்கே?' என்றான்.
'வெட்டிவிட்டார்கள்' என்றேன்.
'சென்சார்.'
தலையாட்டினான்.
அந்தக் காலத்தில் செய்யக்கூடியவர்கள்தான், என்று
டிக்கெட்டை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையலறை விளக்கைப் போட்டேன்.
எதற்கு இவ்வளவு பால்?
தண்ணீர் வரைந்திருந்தால் போதாதா?
தண்ணீராயிருந்தால்
அடியில் கிடப்பது தெரிந்துவிடும்.

நின்றபடியே ரொட்டி தின்றேன்.
லுடோமிரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
மணி பதினொன்றரை.
தவிர, பால்காரி அவனிடம் இருக்கிறாள்,
இருந்துவிட்டுப் போகட்டும்.

காலையில் ஒரு முன்பல், யாரோ ஆசிரியைக்கு.
நுனியில் துளி நீலம் கலந்தேன்.
அசல் பல்லில் அது உண்டு.
இருந்தால் யார் கண்ணிலும் படாது.
இல்லாவிட்டால் மட்டும்
பொய்ப்பல் என்று
பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள்.