வெந்தய மணம்

ஆறாம் நாள் அவன் துணியில் வெந்தயம் மணத்தது.
"தாய்க்கு வெந்தயம் குடுத்தீங்களா?" நேர்ஸ் கேட்டா.
இல்லை. மூன்று தரம் சொன்னோம்.
பால் குடிக்கக் குடிக்கச் சோர்ந்தான்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் குதியில் குத்தியெடுத்த இரத்தம்
கொழும்புக்குப் போய்க் கடிதமாய் வந்தது.

ஓரெழுத்து மாறியிருக்காம்.
அதனால் ஒரு நொதியம் பிழையாய் மடிந்திருக்காம்.
பாலில் உள்ள புரதத்தில் ஒரு பங்கு
உடைபடாமல்
தலைக்கு ஏறுகிறது.

களுவாஞ்சிக்குடியில் கலியாணம் பேசும்போது குடி பார்த்தார்கள்.
நான் உலகிப்போடி, வதனி பெத்தான்.
வேறுகுடி, செய்யலாம் என்றார்கள்.
அவள் அப்பா என் அம்மாவின் தம்பி.
தன் குடியை மகளுக்குக் கொடுக்க முடியாத மாமா
அந்த எழுத்தைக் கொடுத்திருக்கிறார்,
அம்மா எனக்குத் தந்ததுபோல, தெரியாமல்.
ஒன்றென்றால் ஒன்றும் செய்யாதாம்.
துவாரகனுக்கு இரண்டு.

வாவி இறாலோடு வரும் மாமா
இப்போது கெக்கரிக்காயைப் படலையில் வைத்துவிட்டுப் போகிறார்.
கூப்பிட்டாலும் திரும்புவதில்லை.

நகைக்கடைத் தராசு ஒன்று வாங்கியிருக்கிறேன்.
சோறு நாற்பத்திரண்டு கிராம்.
மூன்று வயதாகிறது,
தராசைப் பார்த்துத்தான் கேட்கிறான்:
"இன்னும் கொஞ்சம் தாவன்."