ஆயிரத்து இருபத்து நாலு

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கணினி விடிகாலை மூன்றுக்கு நின்றுபோனது.
பதினோரு லாரிகள், சாலைவரை.
குலைகளுக்குக் காத்திருக்கத் தெரியாது,
நேரமாக ஆக எண்ணெயில் அமிலம் ஏறும்.
மறுபடி முடுக்கினால் ஒன்றரை மணி நேரம் ஓடும்,
பிறகு அதே வசனம்:
திறந்த கோப்புகள் மிக அதிகம்.

எழுதியது நான்தான். பைத்தானில், நாற்பது வரி.
ஐந்து நொடிக்கொரு முறை தராசைக் கூப்பிடு,
எடையைக் கேள், குறித்துக்கொள்.
முடிந்தது, போ என்று சொல்லவில்லை.
சொல்லாவிட்டாலும் போய்விடும் என்றிருந்தேன்.
ஒரு நிரலுக்கு ஆயிரத்து இருபத்து நாலு கதவு தருகிறது இயந்திரம்.
அத்தனையும் திறந்து கிடந்தன.

ஹஃபிசுல் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினான்.
அவன் வாக்கிடாக்கியில் ஒரே இரைச்சல்,
எவரோ பொத்தானை அழுத்தியபடியே சாய்ந்துவிட்டார்.
"சிவநேசன். தீடோர்," என்றான்.
கேட்டேன். குறட்டை,
இடையிடையே லாரியின் மின்விசிறி.
அந்தத் தூக்கத்துக்கு அடியில்
வாயிற்காவலர், கொதிகலன்காரர், மேலாளர்
ஒருவர் குரலும் எழவில்லை.
ஒரு சொல் பேசாமல்
அலைவரிசை முழுதையும் பிடித்திருந்தார் மனுஷன்.

திரைக்குத் திரும்பினேன்.
பன்னிரண்டாம் வரியில் ஒரு பட்டியல்.
சோதித்துப் பார்க்கவென்று ஒவ்வோர் இணைப்பையும்
அதில் போட்டுவைத்திருக்கிறேன், ஏப்ரலில்.
டெல் போட்டேனே என்று
யாருமில்லாத அறையில் வாதாடிப் பார்த்தேன்.
டெல் பெயரைத்தான் அழிக்கும்.
பட்டியலின் பிடியை அது தொடாது.
குப்பை பொறுக்க வருபவனும்
ஒருவர் கையிலிருப்பதைப் பிடுங்கமாட்டான்,
அவனைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது:
லாரி தன் சீட்டைப் பிடித்திருக்கிறது,
சீட்டு தன் லாரியை.
வெளியே எவருக்கும் வேண்டாத இரண்டு.
அவற்றை விட்டுவிட்டேன்,
அவன் சுற்று வரும்போது பார்த்துக்கொள்வான்.

பட்டியலை எடுத்தேன்.
வித் என்று தொடங்கி, உள்தள்ளி எழுதினேன்.
பிழையே வரட்டும்,
வெளியேறும்போது சாத்திவிட்டுப் போ.

ஹஃபிசுல் போய் லாரிக் கண்ணாடியைத் தட்டினான்.
டக்.
உடனே மூன்று பேர் ஒன்றாய்ப் பேசினார்கள்,
மூன்றும் வசவு.

முதல் லாரி மேடை ஏறியது.
பதினெட்டாயிரத்து இருநூறு கிலோ.
சாத்திய பிறகும் என் பக்கத்து முனை
ஒரு நிமிடம் அங்கேயே நிற்கிறது,
வழியில் பிந்திய துணுக்கு ஏதும் வந்து சேருமோ என்று.
அதை நான் அவசரப்படுத்தவில்லை.
கோப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.